ஓவர்சியர் வரைந்த கேமராப் பை

என் கேமராவுக்குத் தனியாக ஒரு பை வேண்டும் என்று முடிவானதற்குக் காரணம் ஒரு சுரைக்காய்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் சயன்ஸ் டீச்சர். பினாங்கில் ஜவுளிக்கடை வேலையில் இருந்த என் அண்ணன் ஊருக்கு வந்தபோது மற்றவர்களுக்கெல்லாம் சேலை, செண்ட் பாட்டில், டார்ச் லைட் என்று கொண்டுவந்தார். எனக்கு மட்டும் ஒரு கேமரா. மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்தது. தலையில் இருக்கும் மூடியைத் திறந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். அதன் தோல் உறையைக் கப்பலில் எலி தின்றுவிட்டதாகச் சொன்னார். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கேமராவை ஒரு துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்து, பள்ளிக்கூடம், கோயில், மலைக்கோட்டை அடிவாரம் என்று போகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோனேன்.

அந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பரிசு கொடுக்க வந்த அம்மா, பரிசு வாங்கும் பிள்ளை, எங்கள் தலைமையாசிரியையான சிஸ்டர், மூவரும் மேடையில் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள். கூடைக்குள் கைவிட்டுத் துண்டைப் பிரித்தேன். உள்ளே பச்சைப் பசேலென்று ஒரு சுரைக்காய்.

"என்ன டீச்சர், லைட் பத்தலையா?" என்று சிஸ்டர் சிரிப்பைக் கலைக்காமலே கேட்டார்.

"செத்த இருங்க சிஸ்டர்" என்றேன். ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு வழி தெரியவில்லை. சுரைக்காயைத் துண்டோடு சேர்த்து வயிற்றுக்கு நேராகப் பிடித்து, குனிந்து பார்த்து, "ரெடி" என்று சொல்லி நிமிர்ந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு ஓடினால் என் மாமியார் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏத்தா, வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கலாம்னு துண்ட அவுத்தா ரெண்டு கண்ணு என்னயப் பாக்குது! சேசுவே, அருவாமனையப் போட்டுட்டு எந்திரிச்சிட்டேன்." அவருடைய கூடையும் என் கூடையும் ஒரே நிறம். துண்டும் ஒரே தறித் துண்டு.

படம் எங்கே என்று சிஸ்டர் கேட்டபோது ஃபிலிம் கெட்டுப்போனதாகச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அந்தப் பொய்யையும் சொல்ல வேண்டியதாயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் சாமியாருக்கு வந்தது இருமல்தான் என்று இன்றுவரை நம்ப முயற்சி செய்கிறேன்.

விழா நடந்த அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் பை வேண்டும் என்றேன். அவர் ரோடு, பாலம் கட்டும் வேலையில் ஓவர்சியர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். மறுநாளே என்னைக் கடைவீதிக்கு அழைத்துப் போனார். கையில் கேமரா இல்லை, ஒரு செங்கல் இருந்தது.

"கேமராவைக் கடைக்குக் கடை தூக்கிட்டு அலைஞ்சா அடிபடும். இதை அதே அளவுக்குத் தட்டி வச்சிருக்கேன்" என்றார்.

ஒவ்வொரு கடையிலும் பையை வாங்கி, செங்கல்லை உள்ளே வைத்து, தோளில் மாட்டி, நாலு குதி குதித்துப் பார்த்தார். பள்ளிக்கூடப் பை தொங்கியது. துணிப்பை சுருண்டது. டாக்டர் பெட்டி மாதிரி ஒன்று இருந்தது. அது காலியாக இருக்கும்போதே என் தோளை இறக்கியது. நாலாவது கடைக்காரர் எழுந்துவிட்டார். "சார், வாங்குறதா இருந்தா வாங்குங்க. செங்கல்லைப் போட்டுக் குதிச்சா என் சரக்கு என்னத்துக்கு ஆகும்?"

அன்று மாலை என் வீட்டுக்காரர் கட்டம் போட்ட தாளை விரித்து உட்கார்ந்தார். மேலிருந்து ஒரு தோற்றம், முன்னாலிருந்து ஒரு தோற்றம், நடுவில் வெட்டிப் பார்த்தால் ஒரு தோற்றம். கேமராவுக்கு நடுவில் ஒரு அறை. வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு இடப்பக்கம் ஒன்று. ஃபிலிம் சுருள் மூன்றுக்கு மூன்று குழாய். ஃப்ளாஷ் பல்புகளுக்கு ஒரு மாடி. வெளியே குடை சொருக ஒரு வளையம்.

"குடை எதுக்குங்க?"

"மழை வந்தா?"

"மழையில யாரு படம் எடுப்பா?"

"அதனாலதான் குடை" என்று சொல்லி அடிக்கோடு போட்டார்.

பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பாய் இருந்தார். குதிரை வண்டிகளுக்குக் கடிவாளமும் கண்டக்டர்களுக்குத் தோல்பையும் தைப்பவர். வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "ஓவர்சியர் ஐயா, இது பையா, பள்ளிவாசலா?" என்றார். பிறகு கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சரம்மா, இதுக்கு வாய் எந்தப் பக்கம்? மூச்சு விட ஓட்டை கீட்டை வைக்கணுமா?"

"ஒரு பொட்டு வெளிச்சமோ தூசியோ போகக் கூடாது பாய்."

"அப்ப இது குதிரையை விட லேசு" என்று ஒத்துக்கொண்டார்.

பத்து நாளில் பை வந்தது. மாடியை மட்டும் அவர் கட்டவில்லை. அஸ்திவாரம் தாங்காது என்று சொல்லிவிட்டார். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பழுப்புத் தோல், பித்தளைக் கொக்கி, குதிரையே இழுத்தாலும் அறாத தோள்வார். எனக்காக ஒரு நாள் அதை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய என் வீட்டுக்காரரிடம் மூன்று பேர் டிக்கெட் கேட்டார்கள். நாலாவது ஆள் வத்தலக்குண்டு எப்போது வரும் என்று கேட்டபோது சரியான பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே மெத்தை வேண்டியிருந்தது. மாமியார் இலவம் பஞ்சை அடைத்துத் தைத்துத் தந்தார். கேமரா தொட்டில் பிள்ளை மாதிரி படுத்துக்கொண்டது. அந்த வாரம் கழுவி வாங்கிய ஃபிலிமை அதே பையில் போட்டுக் கொண்டுபோய்ப் பிரிண்ட் போட்டுப் பார்த்தால், பன்னிரண்டு படங்களிலும் பனி கொட்டியது. சித்திரை வெயிலில், மலைக்கோட்டை மேல், ஒரு வண்டிக்காரரின் வெற்று முதுகில், வெள்ளை வெள்ளையாகப் பனி. பஞ்சு இழைகள் கழுவிய ஃபிலிம் மேல் ஒட்டிப் படுத்திருக்கின்றன.

"கொடைக்கானல்ல கூட இம்புட்டு விழாது" என்றார் என் வீட்டுக்காரர். அவர் இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தவர். அப்போது வாங்கிய சாம்பல் நிற மப்ளர் ஒன்று அவரிடம் இருந்தது. திண்டுக்கல் வெயிலில் அதற்கு வேலையே கிடையாது. ஆனாலும் பெட்டியில் பாச்சை உருண்டைகளோடு பத்திரமாக வைத்திருந்தார். மெல்லிசாக, அழுத்தமாக, ஒரு இழை உதிராத கம்பளி. நான் அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போனதும் கத்தரிக்கோலை எடுத்தேன்.

சாயங்காலம் அவர் பையைத் திறந்து பார்த்தார். விரலால் உள்ளே தடவிப் பார்த்தார். பிறகு, "மூலையில தையல் சரியில்ல. அவுத்துக் குடு" என்று ஊசியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தைத்த மூலைகள்தான் கடைசிவரை பிரியவில்லை.

பை இப்படித் தயாரான பிறகு வந்த முதல் பெரிய அழைப்பு, எங்கள் பள்ளித் தமிழ் டீச்சரின் சித்தப்பாவிடமிருந்து. சித்தையன்கோட்டைப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பு. கிணற்றுக்குப் புதிதாகக் கரண்டு மோட்டார் போட்டிருந்தார். மோட்டாரோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு சனிக்கிழமை காலையில் நானும் வீட்டுக்காரரும் போய் இறங்கினோம். "நீ முன்னால நட, நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று அவர் பின்தங்கினார்.

தோளில் தோல்பை, வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. ஐம்பது அடி நடந்திருக்க மாட்டேன். ஒரு வீட்டிலிருந்து நடுவயது அம்மா ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நர்ஸம்மா வந்துட்டாக! பாத்த மாதிரி தெரியல, புது நர்ஸா? சீக்கிரம் வா தாயி, மருமகளுக்கு வலி எடுத்துருச்சு."

"நான் நர்ஸ் இல்லைங்கம்மா. போட்டோ புடிக்கிறவ."

"யாரா இருந்தா என்ன தாயி, பையோட வந்திருக்கீகள்ல" என்று சொல்லிக்கொண்டே இழுத்துப் போய்விட்டாள்.

இருட்டான அறை. பாயில் ஒரு சின்னப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். சுற்றி நாலைந்து பெண்கள். பத்தாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வந்தால் "நீங்களே படிச்சுக்கோங்க" என்று தாண்டிப் போகிற சயன்ஸ் டீச்சர் நான். நர்ஸ் இல்லை என்று நிரூபிப்பதற்காகப் பையைத் திறந்து மீட்டரை எடுத்துக் காட்டினேன். அதன் முள் அசைந்தது.

"காய்ச்சல் எம்புட்டு காட்டுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

கேமராவை எடுத்துக் காட்டினேன். கூட்டம் மரியாதையோடு விலகியது. "பெரியாசுபத்திரி மிசினு" என்றாள் இன்னொருத்தி. பாயில் இருந்த பெண் வலிக்கு நடுவில் என்னைப் பார்த்து, "அக்கா, அது வேணாக்கா" என்று அழுதாள். நான் அவசரமாக உள்ளே வைத்து மூடிவிட்டு, வேறு ஒன்றும் தோன்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பிடித்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்தது.

அரைமணி நேரத்தில் உண்மையான நர்ஸ் வந்து சேர்ந்தார். வியர்த்து விறுவிறுத்து, தோளில் ஒரு மஞ்சள் துணிப்பையோடு. வாசலிலேயே என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இவுக யாரு?"

"போட்டோ புடிக்கிறவகளாம்."

"பிரசவத்தையா?"

நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் வேலை கொடுத்துவிட்டார். "வந்ததுதான் வந்தீங்க, அந்தச் சன்னலத் தெறங்க. வெந்நி வைக்கச் சொல்லுங்க." தம் பையைக் கொட்டியவர் தலையில் அடித்துக்கொண்டார். ஸ்பிரிட் பாட்டில் சாய்ந்து பஞ்செல்லாம் ஊறியிருந்தது. கத்தரிக்கோல் பையின் அடியைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. "சுத்தமான துணி எதாச்சும் வச்சிருக்கீங்களா?"

இருந்தது. லென்ஸ் துடைப்பதற்காக வெந்நீரில் அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த மல் துணி ஒன்றரை முழம். மதியத்துக்கு முன்னால் பிறந்த பெண் குழந்தையை அதில்தான் சுற்றினார்கள். பினாங்குக் கேமராவின் கண்ணைத் துடைக்க வேண்டிய துணியிலிருந்து ஒரு சின்ன முகம் என்னை முறைத்தது. நான் அழுதுவிட்டேன். பிள்ளை பெற்ற பெண்ணே, "அழுவாதீகக்கா" என்று என்னைத் தேற்ற வேண்டியிருந்தது.

குழந்தையைப் படம் எடுக்கிறேன் என்றேன். மாமியார்க்காரி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். பிறந்த பிள்ளைக்கு ஆகாதாம். ஆகவே வாசல் வெளிச்சத்தில் நர்ஸை நிற்கவைத்து ஒன்று எடுத்தேன். அந்தப் படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. என் காலடியில் இருந்த பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தோப்புக்குப் போனபோது மோட்டாருக்குப் போட்டிருந்த மாலை வாடிப்போயிருந்தது. தமிழ் டீச்சரின் சித்தப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு காலையிலிருந்து உட்காராமல் நிற்கிறாராம், கசங்கிவிடும் என்று. என் வீட்டுக்காரர் தொட்டியின் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போன?"

"பிரசவம் பாத்துட்டு வாரேன்."

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "பைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "மோட்டாரு ஓடுறது படத்துல தெரியணும் டீச்சரு. சும்மா நின்னா என் பங்காளி நம்ப மாட்டான்." ஓடவிட்டோம். தண்ணீர் குழாயிலிருந்து பாய்ந்து தொட்டியில் அடித்துச் சிதறி, அத்தனை நேரம் காப்பாற்றிய வேட்டியை முழுக்க நனைத்தது. அந்தக் கணத்தில் அழுத்திவிட்டேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அந்தப் படம்தான் பிறகு அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. மோட்டார் ஓடுவதில் யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்த வாரமே நர்ஸ் எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். தமக்கும் அதே மாதிரி பை வேண்டும், ஸ்பிரிட் பாட்டில் சாயாமல் நிற்க வேண்டும், கத்தரிக்கோலுக்குத் தனி உறை வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கட்டம் போட்ட தாள் தீர்ந்து, இன்னொரு கட்டு வாங்கிவந்தார். ஒரு நர்ஸைப் பார்த்து இன்னொருவர் கேட்க, ஒரு வருஷத்துக்குள் ஆத்தூர்ப் பக்கம் நாலு நர்ஸுகள் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அதனால் என் பாடு இன்னும் மோசமாயிற்று. எந்தக் கிராமத்தில் இறங்கினாலும் யாராவது நாக்கை நீட்டிக் காட்டினார்கள். ஒரு பெரியவர் என் சம்மதம் கேட்காமலே காலில் இருந்த கட்டை அவிழ்த்துவிட்டார். கடைசியில் கடைகளுக்குப் போர்டு எழுதும் ஒருவரிடம் பையைக் கொடுத்து, மூடியின் மேல் வெள்ளை பெயிண்டில் "போட்டோ" என்று எழுதி வாங்கினேன். கேட்காமலே பக்கத்தில் ஒரு தாமரையும் போட்டுத் தந்தார்.

எழுத்துக் காய்ந்த மறுநாள் சின்னாளப்பட்டிக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு தெருவில் திரும்பியதும், தறிச் சத்தத்துக்கு மேலாக ஒரு பெண் குரல் சன்னலிலிருந்து கூப்பிட்டது.

"ஏ போட்டோக்காரம்மா! இங்கிட்டு வாங்க. என்னயும் தறியையும் சேத்து ஒண்ணு எடுப்பீகளா?"

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எடுக்கிறேன் என்றேன். தலையைச் சீவிப் பூ வைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனவள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆக்கினாள். நான் வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.