செல்லபாய் போட்ட முடிச்சுகள்

இடது கையில் வலைக்கண்ணி, வலது கையில் மூங்கில் ஊசி, பல்லுக்கிடையில் நூல்முனை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் செல்லபாய்க்குப் பேச்சு வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்ன கேட்டாலும் "ஆமா", "இல்ல" என்று முடித்துக்கொள்கிறவள், கையில் வேலை வந்ததும் கடித்த பல்லைத் திறக்காமலே உலகத்து அநியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். பேச்சில் சூடு ஏற ஏற முடிச்சு இறுகும். அவள் கோபத்தில் போட்ட முடிச்சு நெகிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

"பந்தடிக்கது அவனுவ. வலையக் கிழிக்கது அவனுவ. கிழிஞ்சா மட்டும் நம்ம வாசல்ல கொண்டாந்து போடுவானுவ. நாம தச்சுக் குடுக்கணும், அவனுவ பின்னயும் கிழிக்கணும். இதாக்கும் பொம்பளையளுக்குள்ள ஸ்போர்ட்ஸ்."

"மெல்லப் பேசுட்டி. வெளிய கேக்கும்" என்பாள் பக்கத்தில் இருக்கும் அழகியநாயகி. சுசீந்திரம் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பெண். சிலேடைப் பாட்டுக்கு உரை சொல்வதில் கெட்டிக்காரி; மற்ற எல்லாவற்றுக்கும் பயம்.

"கேக்கட்டுண்ணு தானே பேசுகேன்."

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி. இருநூறு முன்னூறு ஆண்பிள்ளைகளுக்கு நடுவே இண்டர்மீடியட் படிக்கும் பெண்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஓர் அறை. மணியடித்ததும் வகுப்புக்குப் போய்விட முடியாது. வாத்தியார் வந்து வாசலில் நின்று கனைக்க வேண்டும். அவருக்குப் பின்னால் வரிசையாகப் போக வேண்டும். வகுப்பு முடிந்ததும் அவருக்குப் பின்னாலேயே திரும்ப வேண்டும். செல்லபாய்க்கு மெதுவாக நடக்கத் தெரியாது. ஆங்கில வாத்தியார் ஞானசிங்கின் செருப்புக் குதிகாலை அவள் மிதிக்காத வாரம் கிடையாது. "ஸாரி சார்" என்பாள். அதில் வருத்தம் இருந்ததாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த அறைச் சுவரில் குடைகள் தொங்கும் ஆணிகளுக்கிடையே ஒரு பாட்மிண்டன் மட்டையும் தொங்குகிறது. செல்லபாயுடையது. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் பூப்பந்துக் கேப்டனாக இருந்தவள். தொப்பி வைத்த வெள்ளைக்கார அம்மாள் ஊதல் ஊத, மஞ்சள் கம்பளிப் பந்தை வலைக்கு மேலே விரல்கடை இடைவெளியில் அனுப்பி எதிராளியின் காலடியில் இறக்கிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் ஓடவிட்டவளைக் கல்லூரியில் உட்காரவைத்துவிட்டார்கள். இதற்கு உயர்தரக் கல்வி என்று பெயர். மட்டையோடு வந்த முதல் நாளே அதைத் தொங்கவிட ஆணி காட்டினார்கள். அதை அடிக்க மைதானம் மட்டும் யாரும் காட்டவில்லை.

மைதானம் இல்லாமல் இல்லை. கல்லூரிக்கு மேற்கே, சுண்ணாம்புக் கோடு போட்டு, செம்மண் அடித்து இறுக்கிய அருமையான மைதானம். அறை ஜன்னலில் இருந்து பார்த்தால் பாதி தெரியும். மீதிப் பாதியைச் செல்லபாய் சத்தத்தை வைத்தே கணித்துக்கொள்வாள். "இப்பம் அடிச்சது வெளிய போயிருக்கும் பாரு" என்பாள். போயிருக்கும்.

மாணவர்களின் விளையாட்டுக் காரியதரிசி ஈஸ்வரமூர்த்தி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் செல்லபாய்க்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் எதையும் மறுக்கமாட்டார். பெண்கள் அறைக்குள் ஆண்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதால் வெளியே நின்று நிலைக்கதவைப் பார்த்தபடி பேசுவார். நிலைக்கதவும் அவர் பேச்சை ஒப்புக்கொள்வதுபோலவே இருக்கும்.

"செல்லபாய், நீங்க சொல்லுகது நூத்துக்கு நூறு நியாயமாக்கும். ஆனா ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேரு வேணும் இல்லியா? நீங்க மொத்தமே ஆறு பேரு."

"மூணு மூணாட்டு ஆடுகோம்."

"ஆடலாம். பின்ன, அந்த எடம் ரோட்டுப் பக்கம். வண்டிக்காரனுவ நிண்ணு பாப்பானுவ. எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் சங்கடம்."

"அப்பம் தட்டி கெட்டித் தாருங்க."

"கெட்டலாம். நல்ல யோசனை."

இப்படி எல்லா யோசனையும் நல்ல யோசனையாகவே முடிந்தது. கடைசியில் பெண்கள் அறைக்கு ஒரு கேரம் பலகை வந்தது. அடிக்கும் காய் இல்லாமல் வந்தது. அழகியநாயகி களிம்பு டப்பியின் மூடியால் அடித்துப் பழகிக்கொண்டாள். செல்லபாய் அந்தப் பலகையைத் தொட்டதில்லை. அதன்மேல் தன் சாப்பாட்டுத் தூக்கை வைப்பாள்.

வலை தைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காரணம் தெரியும். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெண்கள் ரேந்தை போடுவார்கள். திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் பூவேலை அது. மிஷன் பங்களா வழியாகக் கப்பலேறிச் சீமைத் துரைசானிகளின் கழுத்துப்பட்டியாகும். செல்லபாயின் அம்மா நேசம்மாள் அதில் பேர்போனவள். ஆகவே ஆடிக்காற்று ஓய்ந்து பூப்பந்துக் காலம் வருமுன் வலையைப் பெண்கள் அறைக்கு அனுப்பிவிடுவது. வலையும் நூல், ரேந்தையும் நூல், இரண்டிலும் ஓட்டை இருக்கிறது. இவ்வளவுதான் கல்லூரியின் தர்க்கம்.

தர்க்கம் என்றதும் தமிழ்ச் சங்கம் ஞாபகம் வருகிறது. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அந்தச் சங்கத்தில் விவாதம் நடக்கும். பொருள் மாறுவதில்லை: 'பெண்களுக்குத் தேகப்பயிற்சி அவசியம்.' தீர்மானம் ஆண்டுதோறும் ஏகோபித்து ஜெயிக்கும். பையன்கள் பலகைத் தரையைக் காலால் உதைத்து ஆரவாரம் செய்வார்கள். அக்கிராசனர் ஞானசிங் பூரித்துப்போவார். வந்தனம் கூறிக் கலைந்ததும் தீர்மானம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். அடுத்த ஆடியில்தான் எழுந்து வரும்.

இந்த ஆடியில் ஒரு மாணவியும் பேசினால் சபைக்கு அழகு என்று செல்லபாயைக் கேட்டார்கள். ஆதரித்துப் பேசுவாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எழுந்தாள்.

"அக்கிராசனர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன்."

சபை சிரித்தது. சிரிப்பு முடியும்வரை அவள் நின்றாள். எழுதி வைத்திருந்த இலக்கணத் தமிழ் அதற்குள் மறந்துபோயிற்று.

"போன வருஷம் இது ஜெயிச்சுது. அதுக்கு முந்தின வருஷமும் ஜெயிச்சுதாம். ஜெயிச்சு ஜெயிச்சு எங்களுக்குக் காலு மரத்துப்போச்சு. ஒருக்காவது தோக்கட்டு. கூடாதுண்ணு ஒரு ஆளு சொன்னா, ஏன் கூடாதுண்ணு கேக்கலாம். நீங்க எல்லாரும் சரி சரிண்ணு இருந்தா நாங்க யாருகிட்டப் போய்ச் சண்டை போட? தயவு பண்ணி எங்களத் தோக்கடியுங்க."

தீர்மானம் முன் எப்போதும் இல்லாத பெரும்பான்மையில் ஜெயித்தது. எதிர்த்துப் பேசிய ஒரே பேச்சுக்குச் சிறந்த பேச்சு என்ற பெயரும் கிடைத்தது. "என்ன நகைச்சுவை, என்ன நகைச்சுவை!" என்று ஞானசிங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரையும்விட நெடுநேரம் கைதட்டியவர் ஈஸ்வரமூர்த்தி.

"நான் எங்கட்டி தமாசு பேசுனேன்?" என்று வழியெல்லாம் அழகியநாயகியைப் போட்டுப் பிய்த்தாள்.

ஆவணி பிறந்தது. வலை வந்தது. கல்லூரிச் சேவகன் கபிரியேல் அதை வாசலில் போட்டுவிட்டுப் போனான். பின்னாலேயே ஈஸ்வரமூர்த்தி வந்து நிலைக்கதவோடு பேசினார்.

"ஓணம் லீவு முடிஞ்சு தெறப்பு மேட்ச். வாத்தியாருவளும் நாங்களும். நடுவுல பெரிய கிழிசலு. ஒரு ஆளு குனிஞ்சு உள்ள நூந்து போவலாம்."

"கெடக்கட்டு, நூந்து போங்க" என்று உள்ளேயிருந்து அழகியநாயகி சொன்னாள். தன் வாயிலிருந்து அது வந்ததை நம்பாமல் உடனே புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

செல்லபாய் வாசலுக்கு வந்தாள். "தச்சுத் தாறேன். சனிக்கிழமை காலம்பற கோர்ட்டு எங்களுக்கு. அதத் தெறப்பு மேட்ச்ல வச்சு எல்லாரும் கேக்க ஞானசிங் வாத்தியாரு சொல்லணும். சொல்லுவாரா?"

ஈஸ்வரமூர்த்தி யோசிக்கக்கூட இல்லை. "சரி. நான் சொல்லி வைக்கேன். நியாயம்தானே."

வலையை வீட்டுக்கே தூக்கிப் போனாள். பழுப்புக் கயிறு அவளிடம் இல்லை. அம்மாவின் ரேந்தை நூலை எடுத்துப் பல புரியாக முறுக்கினாள். நேசம்மாள் திண்டிலிருந்து தலை தூக்கிப் பார்த்தாள்.

"யாருக்கு ஏட்டி இம்புட்டு ஒசந்த நூலு? திவான் வீட்டுக்கா?"

"காலேஜுப் பயலுவளுக்கு."

"அவனுவ என்ன தருவானுவ?"

"சனிக்கிழமை காலம்பற நாங்க ஆடலாம். காரியதரிசி சரிண்ணு சொல்லியாச்சு."

"வேண்டாம்ணு சொல்லுகவன நம்பலாம் மக்கா. சரிண்ணு சொல்லுகவனத்தான் ஒருக்கா பாத்துக்கிடணும். உங்க அப்பா இருவது வருஷமா கூரை மாத்த சரிண்ணுதான் சொல்லுகாவ." பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா யேசுரத்தினம் இதைக் கேட்டுக்கொண்டு உள்ளேதான் இருந்தார். "சரி, இந்த வருஷம் மாத்திருவோம்" என்று சத்தம் வந்தது.

வேண்டுமென்றே மோசமாகத் தைத்துக் கொடுத்திருக்கலாம். அது அவளுக்கு வராது. ஓணம் விடுமுறை முழுவதும் அந்த வலையோடு இருந்தாள். ஆச்சரியம் என்னவென்றால், நூல்முனை பல்லில் இருந்தும் அவள் யாரையும் திட்டவில்லை. சனிக்கிழமை யார் எந்தப் பக்கம் நிற்பது, அழகியநாயகிக்கு மட்டை பிடிக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் பேச்சு. முடிச்சுகள் இறுகாமல் பதமாக விழுந்தன. பழுப்பு வலையின் நடுவே வெள்ளையாக, ஒரு பாய் அகலத்துக்கு, கண்ணி கண்ணியாகப் பூத்தமாதிரி இருந்தது.

திறப்பு மேட்ச் அன்று மைதானத்தைச் சுற்றித் தோரணம். வாத்தியார்கள் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்தோடு வேட்டியை ஏறக்கட்டி நின்றார்கள். மாணவிகள் ஆறு பேருக்கும் வேப்பமரத்தடியில் பெஞ்சு, கைதட்டுவதற்கு. செல்லபாய் மட்டையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அறிவிப்பு வந்ததும் ஒருமுறையாவது அடித்துப் பார்க்கச் சொன்னால் கையில் இருக்கட்டுமே என்று.

ஞானசிங் பேச எழுந்தார்.

"நமது தமிழ்ச் சங்கத்துத் தீர்மானம் வெறும் வார்த்தையாக நின்றுவிடவில்லை என்பதை அறிவிப்பதில் மகிழ்கிறேன். நம் மாணவிகளும் விளையாட்டிலே பங்கு கொண்டுவிட்டார்கள். எவ்வாறு என்று கேட்பீர்கள். அதோ அந்த வலையைப் பாருங்கள். அந்த வெள்ளைப் பகுதி அவர்கள் கைவேலை. விரலுக்கு உண்டான பயிற்சியே பெண்மைக்குப் பொருந்திய தேகப்பயிற்சி. தீர்மானம் இன்று நிறைவேறியது."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அது அடங்குமுன்னே ஈஸ்வரமூர்த்தி பெஞ்சுக்கு ஓடிவந்தார். இங்கே நிலைக்கதவு இல்லாததால் வேப்பமரத்தைப் பார்த்துப் பேசினார்.

"செல்லபாய், எல்லாரும் உங்களத்தான் பாக்காவ. எந்திச்சு ஒரு கும்பிடு போட்டா நல்லாருக்கும்."

"சனிக்கிழமை?"

"அதான் வாத்தியாரு சொல்லிட்டாருல்லா, தீர்மானம் நிறைவேறியாச்சுண்ணு. நான் சொன்னத அவரு இன்னும் அழகாச் சொன்னாரு."

செல்லபாய் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கபடு எதுவும் இல்லை, தேடினாலும் கிடைக்காது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்.

மட்டையை அழகியநாயகியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கட்டி போற?"

"கும்பிடு போட."

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். அந்தச் செம்மண்ணில் அவள் கால் படுவது அதுதான் முதல் தடவை. வாத்தியார்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். சுற்றிலும் மறுபடி கைதட்டத் தொடங்கினார்கள். அவள் வலையின் நடுவுக்கு வந்து நின்றாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பழுப்புக் கயிற்றை அவள் தொடவில்லை. வெள்ளை முடிச்சு ஒன்றில் ஊசிமுனையைச் செருகி நெம்பினாள். பதமாகப் போட்டிருந்த முடிச்சு உடனே இளகிக் கொடுத்தது. கைதட்டல் ஒரு மூலையில் நின்றது. பிறகு இன்னொரு மூலையிலும். விடுபட்ட நூல்முனையைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அடுத்த முடிச்சுக்குப் போனாள்.