கையில் கட்டிய காந்தம்

வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய செல்வகுமாரி, தன் படம் போட்ட பேனரைக் கண்டு திகைத்து நின்றாள். 'நம்மூர் விஞ்ஞானி கண்டுபிடித்த குவாண்டம் காந்த வளையல், சர்க்கரை நோய் பறந்தோடும்' என்று எழுதியிருந்தது. பேனர் கட்டியிருந்த கடை அவளுடைய தாய்மாமன் புகழ்வேந்தனுடையது.

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில், காந்தத்தன்மை மிகுந்த டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தின் அணுக்களைக் கடுங்குளிரின் கடைசி எல்லை வரை குளிர்விப்பது அவள் வேலை. அந்தக் குளிரில் அவை படிகம்போல வரிசைகட்டி நின்றபடியே உராய்வில்லாத திரவமாகவும் ஓடும்.

பக்கத்து ஊரான ஒதியம்பட்டில் தன் வீட்டுக்குள் நுழைந்தால், அம்மாவின் கையிலும் அதே வளையல். சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்தியிருந்தாள். காலில் ஆறாத புண்.

செல்வகுமாரி கடைக்கு ஓடினாள். "இன்னா மாமா இது?"

"உன் பேரத்தானே கண்ணு பெருசாக்குறேன். நீ பாக்குறதும் காந்தம், இதுவும் காந்தம்."

"நான் பாக்குறது துளி சூடு பட்டாலே கலைஞ்சிடும். அத மனுசன் கையில கட்டுவியா? அம்மா கால் சீழ் புடிச்சிக் கெடக்கு!"

"மானத்த வாங்காதடி, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்!" என்று பேனரைக் கிழித்தெறிந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அம்மா மெல்லச் சொன்னாள்: "நீ கண்டுபுடிச்சதுன்னு சொன்னான். அதான் கட்டிக்கினேன்."

அம்மாவின் கால் தப்பியது, ஒரு விரல் போனது. மறுநாளே செல்வகுமாரி மாமன்மேல் போலீசில் புகார் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். அவள் கதவைத் திறக்கவே இல்லை.