கண்ணாடி வழியே வந்த வெயில்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: டாக்டர், ரத்தம் எடுக்கும் அம்மா, நான். கூட வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் என் பை இருந்தது.

எனக்குக் குடலில் நாள்பட்ட புண். அது உள்ளவர்களுக்கு வைட்டமின் டி உடம்பில் சரியாகச் சேராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். குறைந்துகொண்டே போனால் எலும்பு பலம் இழந்துவிடுமாம். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பெட்டி தூக்கி அடுக்குகிறவன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலையை யார் கொடுப்பார்கள்? படி இறங்கும்போதெல்லாம் கால் முறிந்துவிடுமோ என்று சுவரைப் பிடித்துக்கொள்வேன்.

மாத்திரையோடு வெயிலும் வேண்டும் என்றிருந்தார். வெட்டவெளியில் உட்கார எனக்குப் பயம். வயிறு கலக்கினால் எங்கே ஓடுவது? ஞாயிற்றுக்கிழமைகூட நான் தங்கியிருக்கும் அறையைவிட்டு நகரமாட்டேன். அதனால் திருவள்ளூரிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸை நம்பினேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏறி, வெயில் விழும் பக்கம் உட்காருவேன். மற்றவர்கள் நிழல் பக்கத்தில் நெருக்கிக்கொள்வார்கள். என் பக்கத்து இடம் காலியாகவே வரும்.

"இன்னா நைனா, வத்தலா காயற? எங்கூட்டு வடாம் இருக்குது, எடுத்தாரட்டா?" என்பான் ஒருவன். சிரித்து வைப்பேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ஏறவே இல்லையே. வெயில்ல ஒக்காந்தீங்களா?"

"தினமும் டாக்டர். பஸ்ல, ஜன்னல் ஓரமா."

"ஜன்னலத் தொறந்துக்கினா?" என்று கேட்டார் ரத்தம் எடுக்கும் அம்மா.

"இல்லம்மா. தூசி வரும்னு கண்ணாடி மூடியேதான் இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணாடி வழியா சூடுதான் வரும். ஒங்களுக்கு வேண்டியது கண்ணாடியோட நின்னுடும். மத்தியானம் கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்க. தோல் மேல நேராப் படணும்."

அத்தனை மாதம் வியர்த்தது வீண்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி கக்கூஸ் சுவரோரம் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றேன். எல்லோரும் கேன்டீனில் இருந்தார்கள். பஸ் டிரைவர் மட்டும் பார்த்துவிட்டார்.

"இன்னாபா, இங்க நின்னுக்கினு கீற?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பஸ்சுக்குப் பின்னால போய் நில்லு. வெயிலு நல்லா வுழுது, யாரும் பாக்க மாட்டாங்கோ."

ரிப்போர்ட்டுக்குப் பணம் கடனாகக் கொடுத்தவர் அவர்தான். இப்போது திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று வேகமாக நடந்தேன். கேட்கவில்லை. பஸ் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். நான் மறுபக்கம் வெயிலில் தனியாக நின்றேன். அடுத்த டெஸ்டுக்கும் அவரைத்தான் கேட்க வேண்டும். பழைய பாக்கியே இன்னும் தொள்ளாயிரம் ரூபாய்.