கவிழ்க்காமல் வைத்த கோப்பை

ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் எங்கள் வீட்டுச் சோற்றைக் கடித்தால் பல்லில் நறநறவென்று மணல் அரைபடும். தங்கத்தைப் பிரிப்பதற்காகச் சயனைடு கலந்து, பிரித்தபின் கொட்டிய சாம்பல் நிற மண், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்கள் வரிசையாக வாழ்ந்த எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் மலைபோல் நின்றது. 'சைனைடு மேடு' என்போம். அதன் தூசி எதற்குள்ளும் புகுந்துவிடும் என்பதால் டம்ளர், சொம்பு எல்லாவற்றையும் கவிழ்த்தே வைப்போம். அதனால் எடுத்துப் புழங்கும்போது யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்த அப்பா, அங்கே ஓர் அலுவலகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய பீங்கான் காபிக் கோப்பையை ஒருநாள் கொண்டுவந்தார். நீலமும் மஞ்சளும் சிவப்புமாக, வளைவும் கோடுமாக, இன்னதென்று சொல்ல முடியாத ஓவியம் அதில்.

"இன்னாக்கா இது, பெயிண்ட் டப்பா கவுந்துகிச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு செல்வியக்கா.

"அவரு ஆசையா கொணாந்துகிறாரு, நீ கண்ணு வெக்காத போ," என்றாள் அம்மா.

எனக்கு மட்டும் அதில் ஒரு பறவை தெரிந்தது. கவிழ்த்தால் அது தலைகீழாகத் தொங்கியது. ஒன்பது வயதில் அதைப் பொறுக்க முடியாமல், ஒருநாள் கழுவி நிமிர்த்தியே வைத்துவிட்டேன். மறுநாள் அவசரத்தில் அம்மா அதிலேயே பாலை ஊற்றித் தம்பிக்குக் கொடுத்தாள். மூன்று வயதுக்காரன் ஒரே மூச்சில் குடித்து வைத்தபோது அடியில் சாம்பல் நிற வண்டல்.

'ஒரு சிட்டிகை போதும், ஆளு காலி' என்று பள்ளியில் பேசிக்கொள்வார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் முழுவதும் தூங்கும் அவன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழித்தெழுந்து அவன் அழத் தொடங்கியதும் அம்மாவிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா சிரித்தாள். "அடி போடி! அந்த மண்ணு சாவடிக்கும்னா இந்த ஊர்ல ஒருத்தன் மிஞ்சியிருப்பானா? போ, கடையில வெல்லம் வாங்கினு வா."

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு மாறியபோது கோப்பை உடைந்துபோனது. மேட்டின் மேல் இப்போது முட்செடி மண்டிக் கிடப்பதால் தூசியும் முன்போல் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் என்னோடு இருந்தது. என் மகள் சுவரிலிருந்து உரிந்த சுண்ணாம்பைத் தின்றுவிட்டாள் என்று போன வாரம் மருத்துவரிடம் ஓடியபோதும், அம்மாவாக இருந்தால் சிரித்திருப்பாளே, எனக்கு மட்டும் ஏன் அந்தச் சிரிப்பு வரவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். அன்று எப்படிச் சிரிக்க முடிந்தது என்று மாலையில் போனில் அம்மாவிடம் கேட்டும்விட்டேன்.

அம்மா சொன்னாள்:

"நீ பயந்துக்கப் போறன்னு சிரிச்சேன். நீ கடைக்குப் போனதும் அவன இடுப்புல தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்டி. கால்ல செருப்புகூட இல்ல."