பிள்ளை விரட்டி

ஆராதனையில் அழும் பிள்ளைகளை வெளியே அனுப்புவதுதான் இருபது வருடமாக அந்தச் சர்ச் வாசல்காரரின் வேலை. வாயே திறக்க மாட்டார். தாயின் தோளில் ஒரு விரலால் தட்டுவார், அதே விரலால் கதவைக் காட்டுவார். எழுந்து போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. பாடகர் குழு அவருக்கு வைத்த பெயர் பிள்ளை விரட்டி. மனுஷன் அலட்டிக்கொண்டதே இல்லை.

புதிதாக வந்த போதகர், "இந்த ஞாயிறு குடும்ப ஆராதனை அண்ணே. பிள்ளைங்க கத்தட்டும், ஓடட்டும். யாரையும் வெளியே அனுப்பிடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் வாசல்காரர், நாலு வருடம் முன்பு சொல்லாமல் கல்யாணம் செய்ததற்காக வீட்டை விட்டுத் துரத்திய மகளிடம் போனில் கெஞ்சினார்.

"பேரனைக் கண்ணுல காட்டும்மா."

"சர்ச்சுக்கு வர்றேன். வீட்டுக்கு வர்றதை அப்புறம் பார்ப்போம்பா."

வந்தாள். மௌன ஜெபம் வரைக்கும் பையன் சமர்த்தாக இருந்தான். அப்புறம் பெஞ்சைத் தட்டித் தட்டி ஒரே கூச்சல். நாலு தலைகள் திரும்பி வாசல்காரரைப் பார்த்தன. அவ்வளவுதான், கால் தானாக நடந்தது. மகளின் தோளில் விரல் பட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ரெண்டாவது தடவையாப்பா?" என்று கேட்டுவிட்டு, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி ஓடி வந்தார். "பாதியில எழுந்து போச்சே ஒரு பொண்ணு, யாரு அது? வீடு தெரிஞ்சா நானே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வந்துடுவேன்."

"யாரோ புதுசும்மா. எனக்குத் தெரியாது" என்றார் வாசல்காரர்.