அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல்: செல்வி பேசிய கன்னடம்

டி.வி.யில் குற்றாலச் சாரலைக் காட்டினால் போதும், என் மனைவி செல்விக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிடும். எங்களுக்குத் தென்காசிப் பக்கம். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்து நாலு வருடம்; கல்யாணமாகி அவள் இங்கே வந்து எட்டு மாதம். அவளுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டி, திருநெல்வேலியில் சம்பளம் குறைந்த ஒரு வேலைக்கு வருவதாகச் சொல்லியும் வைத்துவிட்டேன். அருவிக்கரையில் வைத்து விஷயத்தைச் சொல்லி அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும். 2007 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பியது அதற்காகத்தான்.

தர்மபுரி வழியாகப் போனால் நல்ல ரோடு. அஞ்செட்டி வழி காட்டுப்பாதை. ஆனால் தூரம் குறைவு, அழகு அதிகம். பைக்கில் இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு காலை 6.15க்குப் புறப்பட்டோம். தேன்கனிக்கோட்டை 25 கி.மீ. ஏழு மணிக்கு அங்கே இட்லி. (சட்னியில் காரம் கூடுதல், தண்ணீர் கையில் இருக்கட்டும்.) அதன்பிறகு இரண்டு பக்கமும் மலை. மழை பெய்திருந்ததால் கூடவே ஓர் ஓடை, சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி வந்தது. பெயர் தெரியாத சின்ன அருவிகள் பாறையில் வழிந்தன. இரண்டு இடத்தில் நிறுத்தி முகம் கழுவினோம்.

அஞ்செட்டியைத் தாண்டிப் பத்தாவது கிலோமீட்டரில் பின் டயர் பங்ச்சர். ரோட்டில் யானைச் சாணி, இன்னும் ஈரம் காயவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. இருபத்தைந்து நிமிடம் ஒரு வண்டியும் வரவில்லை. மூங்கில் எங்கோ முறிகிற சத்தம் கேட்டபோது, இவளை ஏன் இங்கே கூட்டி வந்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு மினி லாரி வந்தது. தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி, பின்னால் காலிப் பெட்டிகள். நான் கை காட்டினேன். டிரைவர் பெட்டிகளைக் காட்டி, இடமில்லை என்று கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் கியரை மாற்றினார். அதற்குள் செல்வி ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஸ்வல்ப ஹெல்ப் மாடி! பைக் பங்ச்சர் ஆகிதே. ஆனை பய இதே, அண்ணா!"

யானை பயமாக இருக்கிறது, கொஞ்சம் உதவுங்கள் என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. டிரைவர் அவளைப் பார்த்தார், சிரித்தார், இறங்கினார். மூன்று பேருமாகப் பெட்டிகளை ஒதுக்கி பைக்கை ஏற்றிக் கட்டினோம். வண்டி நகர்ந்ததும் அவர் என்னிடம் தமிழில் சொன்னார்: "நேத்து சாயந்தரம் இந்த வளைவுலதான் ஒத்த ஆனை நின்னுக்கினு இருந்துச்சி. நல்ல நேரம் உங்களுக்கு." பிறகு அவளிடம், "எந்த ஊரும்மா?"

"ஹொசூர், அண்ணா" என்றாள் செல்வி.

தென்காசி என்று சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாட்றாம்பாளையத்தில் இறக்கிவிட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார். பங்ச்சர் ஒட்ட நாற்பது நிமிடம். "கன்னடம் எப்பம் படிச்ச?" என்று கேட்டேன். "மாடி வீட்டு மஞ்சுளாக்கா சொல்லித் தந்தாவ. நாலு வருசமா இங்கன இருக்கிய, ஒங்களுக்கு ஒரு வார்த்தை வராதோ?"

ஒகேனக்கல் சேரும்போது 11.30. காவிரி செம்மண் நிறத்தில் பாறைகளுக்கு நடுவே இடிந்து விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் காதருகே கத்தித்தான் திருநெல்வேலி வேலையைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"நீதான குத்தாலத்தப் பாத்து அழுத?"

"அழுதா? அம்மா நெனப்பு வந்துச்சு, அழுதேன். அதுக்கு ஊருக்கே போயிரணுமா? மஞ்சுளாக்கா கம்பெனியில ஆள் எடுக்காவளாம். எனக்கும் பேசி வச்சிருக்காவ. ஒங்கட்ட எப்படிக் கேக்கன்னு பத்து நாளா முழிச்சிட்டு இருக்கேன்."

எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் என்னவெல்லாம் நினைக்கிறாள் என்பதை நானே எழுதி நானே படித்திருக்கிறேன். "தப்புதான் செல்வி" என்றேன். "காதுல விழல" என்றாள். இன்னொரு தடவை கத்தினேன். எண்ணெய் தேய்க்க உட்கார்ந்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்துவிட்டாள்.

பிறகு குளியல், பரிசல், வறுத்த மீன். 3 மணிக்கே கிளம்பி, தர்மபுரி வழியாகவே திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: அஞ்செட்டி வழியில் காலையில் மட்டும் போங்கள். டயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதிகமென்று பரிசலை நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம். கன்னடத்தில் நாலு வார்த்தை தெரிந்திருந்தால் நல்லது.

திருநெல்வேலிக்கு மறுநாளே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இதை எழுதும்போது செல்வி வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். அவளுக்கு வியாழக்கிழமை லீவு, எனக்கு ஞாயிறு. அடுத்து மேட்டூர் போகலாம் என்கிறாள். யார் லீவு போடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.