முகூர்த்த நாளில் பதிவாளர்

அன்று ஹோட்டலின் முதல் மாடி ஹாலில் என் அம்மா இருந்தார். மணப்பெண் இருந்தாள், அவளுடைய உம்மா இருந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று நண்பர்கள், இரண்டு பக்கத்திலும் சேர்த்து நாற்பது உறவினர்கள். வராதவர், திருமணத்தை நடத்தி வைக்க வேண்டிய பதிவாளர். அவளுடைய வாப்பாவை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஹோட்டல் வரை வந்து, காரை நிழலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவர் என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் மூலமாக ஒரே ஒரு நிபந்தனையைச் சொல்லி அனுப்பியிருந்தார். "ரிஜிஸ்டர் ஆபீஸ் படியேறிக் கல்யாணம் பண்றது ஓடிப்போறவங்க பண்ற வேலை. என் பொண்ணு ஓடிப்போகல. அதிகாரி நாலு பேர் இருக்கிற எடத்துக்கு வரட்டும். வந்தா நானும் உள்ள வரேன்." அவர் வராவிட்டாலும் கையெழுத்துப் போடுவேன் என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் சட்டம் எல்லாம் எனக்குத் தெரியும் என்று அம்மா நம்பினார். நானும் நம்பினேன். பதிவு அலுவலகத்தில் திருமண நோட்டீஸ் கொடுத்தேன், முப்பது நாள் காத்திருந்தேன், ஆட்சேபம் எதுவும் வரவில்லை. பதிவாளர் வெளியிடத்துக்கு வந்து திருமணத்தை நடத்தலாம் என்று படித்து, அதற்கான கட்டணத்தையும் கட்டி ரசீது வாங்கினேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கையெழுத்துதான்னாலும் நல்ல நாள்ல போடுடா." காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்துத் தேதி சொன்னேன். அந்த இடத்தில்தான் தவறினேன்.

பதினொரு மணிக்கு வர வேண்டிய பதிவாளர் மேடம் பன்னிரண்டாகியும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

"டேய், நல்ல நேரம் போய்க்கினே கீது. அந்தம்மா எங்கடா?" என்றார் அம்மா.

ஹோட்டல் மேனேஜர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சார், மூணு மணிக்கு இதே ஹால்ல பர்த்டே பார்ட்டி. பலூன்காரர் வந்துட்டாரு. ஒரு ஓரமா ஆரம்பிக்கட்டுமா?"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நண்பனின் பைக்கில் பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். வாசல் வரை கூட்டம். முடிச்சூரிலும் பீர்க்கன்கரணையிலும் மனை வாங்கியவர்கள் அத்தனை பேரும் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நல்ல நாளில்தான் மனையும் பதிவார்கள் என்பது முடிச்சூரிலேயே வளர்ந்த எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னா மாப்ள, நீ எத்தினியாவது டோக்கன்?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். "கிரவுண்டா, பொண்ணா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கூட்டத்தை விலக்கி உள்ளே போனதும் மேடம் தலையை நிமிர்த்தி என் வேட்டியைப் பார்த்தார். "வரேன்னு சொன்னேன், இல்லேங்கல. இந்தத் தேதியை யாருப்பா குறிச்சது?"

"அம்மாவுக்காக நான்தான், மேடம்."

"நீ பார்த்த காலண்டரைத்தான் இந்த ஊரே பார்த்திருக்கு." பேனாவை மூடினார். "சாப்பாட்டு நேரத்துல வரேன். என்கிட்ட வண்டி இல்ல. பதிவேட்டை வெச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோவுலயும் வர முடியாது. கார் கொண்டா. டாண்ணு போய் டாண்ணு திரும்பணும், வெளிய ஜனம் நிக்குது."

வாசலில் நின்று டாக்சி தேடினேன். முதல் ஆள் ஒப்புக்கொண்டுவிட்டு கேன்சல் செய்தார். இரண்டாவது ஆளும் அதேதான். அதற்குப் பிறகு எவரும் வரவில்லை.

"மச்சான், மேடத்தை பைக்லயே ஏத்திக்கலாமா?" என்றான் நண்பன்.

"சும்மா இருடா."

"அப்ப ஹோட்டல்ல ஒரு கார் சும்மாதான நிக்குது?"

எந்தக் காரைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். ஹோட்டலுக்குத் திரும்பிப் போய் அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினேன். கண்ணாடி மெல்ல இறங்கியது.

"சார், மேடம் வரேன்றாங்க. கார் இருந்தாதான் வர முடியுமாம். வேற கார் கிடைக்கல, சார்."

வியர்வையில் ஒட்டிய என் சட்டையையும் வேட்டியில் இருந்த கிரீஸ் கறையையும் பார்த்தார். "அதிகாரி வந்தா நான் வரேன்னேன். அதிகாரியை நானே கூட்டிட்டு வரேன்னா சொன்னேன்?"

சாவியைத் திருப்பினார்.

"ஏறு."

திரும்பும்போது மேடம் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் இருந்தார். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. நான் ஒவ்வொரு சிக்னலையும் முறைத்துக்கொண்டிருந்தேன்.

"டிரைவர், சர்வீஸ் ரோடுல போயிடலாமே?" என்றார் மேடம்.

காரை ஓட்டியவர் இண்டிகேட்டரைப் போட்டு, இடப்பக்கம் ஒடித்து, சர்வீஸ் ரோட்டில் இறக்கினார். பிறகு கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துச் சொன்னார்: "டிரைவர் இல்லம்மா. பொண்ணோட வாப்பா."

ஹாலின் ஒரு சுவர் முழுக்க அதற்குள் நீல பலூன்கள் ஏறியிருந்தன. மேடம் சொல்லச் சொல்ல உறுதிமொழியைத் திரும்பச் சொன்னேன். குரல் எழும்பவில்லை. "சத்தமா, தம்பி. கடைசி வரிசைக்குக் கேக்கணும்," என்றார். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம், கார் சாவியைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். மறுபடி சொன்னேன். அவள் ஒரே தடவையில் தெளிவாகச் சொன்னாள், என்னைப் பார்த்து. கையெழுத்துகள் ஆயின.

மேடத்துக்குப் பிரியாணியைப் பார்சல் கட்டிக் கொடுத்தோம். அவரைக் கொண்டுபோய் விடக் கிளம்பிய கார் வெகுநேரம் வரவில்லை. அப்படியே கடைக்குப் போயிருப்பாரோ என்று நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் அம்மாவின் பக்கத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வந்தார். மகளின் எதிரில் உட்கார்ந்து, இலையை இழுத்துப் போட்டுச் சாப்பிட்டார். கை கழுவும் இடத்தில் என்னைப் பார்த்து, "மொத்தம் எவ்ளோ ஆச்சு?" என்றார்.

ஹால், சாப்பாடு, கட்டணம், பூ எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டினேன். "எழுபத்து மூவாயிரத்து அறுநூறு, சார்."

"பெட்ரோல் ஐந்நூறு. அதை உட்டுட்டியே."

"அப்போ எழுபத்து நாலாயிரத்து நூறு, மாமா."